முதுநகர் தந்த பாடம்

சொற்களைக் கற்பது எளிது என்று பலர் எண்ணுகின்றனர். ஆங்கிலச் சொல் ஒன்றை ஏட்டின் இடப்பக்கத்தில் எழுதி, அதற்கு நேரே தமிழ்ச் சொல் ஒன்றை வலப்பக்கத்தில் எழுதி, இரண்டையும் பத்து முறை ஓதினால் அச்சொல் நம்முடையதாகிவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை. நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்தும் வந்தேன். அந்நம்பிக்கை பிழையானது என்பதை எனக்கு உணர்த்தியவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். அதற்குக் காரணமாக அமைந்ததோ, சிறு குழந்தையும் அறிந்த 'ஓல்ட்' என்னும் ஆங்கிலப் பெயரடை.

நிகழ்ச்சி நடந்த இடம் மஞ்சக்குப்பம். கெடில ஆற்றின் வடபால் அமைந்த கடலூர்ப் பகுதி அது. ஆற்றைக் கடந்தால் திருப்பாதிரிப்புலியூர்; அதற்கும் தெற்கே, துறைமுகத்தை அடுத்து, முதுநகர்; கிழக்கே கடலோரத்தில் தேவனாம்பட்டினம். தமிழ்நாட்டில் ஆங்கில மொழி நெடுங்காலமாக ஒலித்துவரும் இடங்களுள் இதுவும் ஒன்று. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து 1690-ஆம் ஆண்டில் விலைக்குப் பெற்று, அதற்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய பின்னர், 1752 வரை கம்பெனியாரின் தலைமையிடமாக அக்கோட்டையே விளங்கியது. 1758-இல் பிரெஞ்சுக்காரர் அதனைப் பிடித்து இடித்தனர். கோட்டை இடிந்தது, ஆனால் கோட்டையோடு வந்த மொழி நின்றுவிட்டது. அம்மொழியை இன்று நம் பிள்ளைகள் பள்ளியில் கற்கின்றனர். எவ்வாறு கற்கின்றனர் என்பதே நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி.

ஒருநாள் வகுப்பில் ஆங்கிலத் தொடர் ஒன்றைத் தமிழாக்குமாறு கூறினேன். 'மை ஓல்ட் டீச்சர்' என்னும் சொற்கள் அத்தொடரில் இருந்தன. கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் ஆர்வத்தோடு எழுந்து, "நான் என் கிழ ஆசிரியரைக் கடைத்தெருவில் கண்டேன்" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. என் முகத்திலும் புன்முறுவல் தோன்றிவிட்டது. அதனை எண்ணி இன்றும் வருந்துகின்றேன். அவன் தலை கவிழ்ந்து அமர்ந்தான். அதன் பின்னர்ப் பல வாரங்கள் அவன் கை உயரவே இல்லை. வினா எழும்போதெல்லாம் அவன் பார்வை ஏட்டிலேயே பதிந்திருந்தது.

அவன் ஏட்டை ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். அதில், 'ஓல்ட்: கிழ, பழைய' என்று தெளிவாக எழுதியிருந்தான். அது நான் கரும்பலகையில் எழுதிக் கொடுத்த சொற்பட்டியல். மாணவன் என் சொல்லை நம்பினான். நம்பியதன் பயனாக நகைப்புக்கு ஆளானான். 'ஓல்ட் டீச்சர்' என்பதற்கு அவ்விடத்தில் 'முன்னர் எனக்குக் கற்பித்த ஆசிரியர்' என்பதே பொருள். அவ்வாசிரியர் முப்பது வயது இளைஞராகவும் இருக்கலாம். இதனை நான் கூறவில்லை. ஆகவே சிரிப்புக்கு உரியவன் அவன் அல்லன், நானே.

அன்று முதல் அச்சொல்லை நான் மீண்டும் கற்கத் தொடங்கினேன்.

முதலில் அதன் பொருளை ஆராய்ந்தேன். 'ஓல்ட் மேன்' என்றால் முதியவர். 'ஓல்ட் ஷர்ட்' என்றால் பழைய சட்டை. 'ஓல்ட் பிரண்ட்' என்றால் நெடுநாளைய நண்பர்; அவர் நம்மினும் இளையவராகவும் இருக்கலாம். 'மை ஓல்ட் ஸ்கூல்' என்றால் நான் முன்பு படித்த பள்ளி. அதன் கட்டடம் சென்ற ஆண்டு கட்டப்பட்டதாகவும் இருக்கலாம். 'டென் இயர்ஸ் ஓல்ட்' என்றால் பத்து வயது நிரம்பிய என்று பொருள். இங்கே முதுமை என்னும் கருத்தே இல்லை. பிறந்து மூன்று நாள் ஆன குழந்தையையும் 'திரீ டேஸ் ஓல்ட்' என்றே ஆங்கிலேயர் கூறுவர். ஒரே சொல் ஐந்து இடங்களில் ஐந்து பொருளைத் தருகின்றது. ஒரு பள்ளியின் முன்னாள் மாணவரை 'ஓல்ட் பாய்' என்பதும் அவர்தம் வழக்கு. 'முதிய சிறுவன்' என்று அதனைத் தமிழாக்கினால் எவ்வளவு நகைப்புக்கு இடமாகும்!

ஒரு சொல்லின் பொருள் எல்லையை அறிய வேண்டுமானால் அதன் எதிர்ச்சொல்லைக் கேட்டறிதல் நல்ல வழி. 'ஓல்ட்' என்பதற்கு எதிர்ச்சொல் யாது? மனிதரைப் பற்றிப் பேசும்போது 'யங்'. பொருளைப் பற்றிப் பேசும்போது 'நியூ'. எதிர்ச்சொல் இரண்டாயின், உள்ளே உறையும் கருத்தும் இரண்டாதல் வேண்டும். தமிழ் இவ்விரு கருத்தையும் இரு சொற்களால் பிரித்துக் காட்டுகின்றது. இளமைக்கு எதிர் முதுமை. புதுமைக்கு எதிர் பழமை. உயிர் உள்ளது முதிர்கின்றது, பொருள் பழையதாகின்றது. பாட்டி முதியவள், அவள் உடுத்த புடவை பழையது. இரண்டையும் மாற்றி உரைக்க நம் நா இசையாது. ஆங்கிலமோ இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. தமிழ் மாணவன் இடர்ப்படுவது அவன் அறிவுக் குறையால் அன்று. இரு மொழிகளும் உலகைப் பகுக்கும் முறை வேறுபடுவதனாலேயே.

இவ்வேறுபாட்டினால் நேரும் பிழைகளில் இரண்டை இங்கே சுட்டுதல் தகும். அண்ணனை ஆங்கிலத்தில் 'எல்டர் பிரதர்' என்கிறோம். ஆகவே 'அவன் என்னினும் மூத்தவன்' என்று சொல்ல வரும்போது, 'எல்டர் தேன் மீ' என்று பலரும் எழுதிவிடுகின்றனர். அது பிழை. 'எல்டர்' என்பது பெயர்ச்சொல்லின் முன்னே, பெரும்பாலும் உறவுமுறையைக் குறிக்கும்போது, நிற்கும் சொல். ஒப்பிட்டுக் கூறுமிடத்து 'ஓல்டர் தேன் மீ' என்றே வருதல் வேண்டும்.

மற்றொரு பிழை வயதைக் கூறுவதில் நேர்வது. "அவனுக்குப் பதினாறு வயது நடக்கிறது" என்று நம் வீடுகளில் கூறுவர். பதினைந்து நிரம்பிப் பதினாறாம் ஆண்டு நடக்கின்றது என்பது அதன் பொருள். அதனை 'சிக்ஸ்டீன் இயர்ஸ் ஓல்ட்' என்று மொழிபெயர்த்தால் ஓராண்டு கூடிவிடும். விண்ணப்பத் தாளில் இப்பிழை புகுந்தால் விளையும் தொல்லையைச் சொல்லவும் வேண்டுமோ?

அடுத்து அச்சொல்லின் பிறப்பை ஆராய்ந்தேன். அங்கே எனக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. 'ஓல்ட்' என்னும் சொல் மிகப் பழைய காலத்து ஆங்கிலத்தில் 'எயால்ட்' என்பது போன்ற வடிவில் வழங்கியது. ஜெர்மானிய மொழியில் இன்றும் 'ஆல்ட்' என்றே வழங்குகின்றது. இச்சொற்களுக்கெல்லாம் மூலமான வேர்ச்சொல்லுக்கு 'வளர்தல்', 'ஊட்டி வளர்த்தல்' என்பன பொருள் என்று மொழிநூல் வல்லார் கூறுவர். அவ்வேரிலிருந்தே இலத்தீன் மொழியில் உயரத்தைக் குறிக்கும் சொல்லும் உணவைக் குறிக்கும் சொல்லும் பிறந்தன. கல்லூரிகளில் முன்னாள் மாணவரைக் குறிக்க 'அலும்னி' என்று கூறுகின்றோம் அன்றோ? அதன் ஒருமையாகிய 'அலும்னஸ்' என்பதற்கு 'ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளை' என்று பொருள். அதுவும் இவ்வேரின் கிளையே. 'ஓல்ட் பாய்' என்னும் தொடரும் 'அலும்னஸ்' என்னும் சொல்லும் ஒரே பொருளைக் குறிப்பதோடு, ஒரே வேரிலிருந்து கிளைத்தவையாகவும் இருக்கக் காண்கின்றோம். ஆகவே 'ஓல்ட்' என்பதன் முதற்பொருள் தேய்ந்தது என்பதன்று. நைந்தது என்பதும் அன்று. 'வளர்ந்தது' என்பதே அதன் முதற்பொருள்.

இதனை அறிந்தபோது என் மனம் நம் தமிழ்ச் சொல்லின்பால் திரும்பியது. 'முது' என்பது யாது? முதிர்தல், முதிர்ச்சி, மூத்தல், மூப்பு ஆகியன யாவும் அதனோடு ஒரு குடும்பத்துச் சொற்களே. நெல்மணி முதிர்ந்தது என்றால் அது கெட்டது என்று உழவர் கருதுவரோ? அறுவடைக்கு ஏற்ற நிறைவை எய்தியது என்றே கருதுவர். அறிவு முதிர்ந்தவரை மூதறிஞர் என்று போற்றுகின்றோம். ஔவையார் பெயரால் வழங்கும் நூலொன்று மூதுரை எனப் பெயர் பெற்றது. சிதம்பரத்தில் 1929-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை முடித்த மாணவர் முதுகலை பயில்கின்றனர். முதுகலை என்பது பழங்கலை அன்று, முதிர்ந்த கல்வி. இளங்கலைக்கு எதிராக முதுகலை நிற்பதைக் காண்மின்! 'முது' என்பது காலம் கடந்ததை மட்டும் கூறாமல், காலத்தினால் பெற்ற நிறைவையும் சேர்த்துக் கூறுகின்றது.

கடலூர் மாவட்டத்திலேயே இதற்கு மற்றொரு சான்று உண்டு. மணிமுத்தாற்றின் கரையில் உள்ள விருத்தாசலத்தை அறியாதார் இலர். அவ்வூரின் தமிழ்ப்பெயர் திருமுதுகுன்றம். 'விருத்தம்' என்னும் வடசொல் இங்கே முதுமையைக் குறிக்கின்றது. 'அசலம்' மலையைக் குறிக்கின்றது. வடமொழியில் அச்சொல் வளர்தலைக் குறிக்கும் வினையடியிலிருந்து பிறந்தது. 'விருத்தி' என்று நாம் வழங்கும் சொல்லும் அதனின்று வந்ததே. வளர்ந்தது என்பதே அங்கும் முதற்பொருள். முதியது என்பது பின்னர்த் தோன்றிய பொருள். ஆங்கிலம், வடமொழி, தமிழ் ஆகிய மூன்றிலும் முதுமையைக் குறிக்கும் சொல் வளர்ச்சியோடும் முதிர்ச்சியோடும் தொடர்புற்றிருத்தல் எண்ணி மகிழத்தக்கதாகும். முதுமையைத் தேய்வாகக் காணாமல் வளர்ச்சியாகக் கண்டனர் அச்சொற்களைப் படைத்த முன்னோர்.

இவ்வளவும் அறிந்த பின்னர் அம்மாணவனை அழைத்தேன். "தம்பி, உன் வீடு எங்கே உள்ளது?" என்று கேட்டேன். "முதுநகரில் ஐயா" என்றான். "அதனை ஆங்கிலத்தில் எவ்வாறு எழுதுவாய்?" என்றேன். "கடலூர் ஓ. டி. என்று எழுதுவோம்" என்றான். "அவ்வெழுத்துகளின் விரிவு என்ன?" என்று மீண்டும் வினவினேன். "ஓல்ட் டவுன்" என்று கூறத் தொடங்கியவன், கூறி முடிக்கும் முன்னரே நிமிர்ந்து என்னை நோக்கினான். "ஐயா, கிழ நகர் என்று எழுதவில்லையே, பழைய நகர் என்றும் எழுதவில்லையே, முதுநகர் என்றல்லவா எழுதியிருக்கிறார்கள்!" என்றான்.

அவன் கண்களில் அன்று தோன்றிய ஒளியை நான் மறவேன். நாள்தோறும் பேருந்தின் பெயர்ப்பலகையில் கண்ட சொல்லே அவனுக்கு ஆசிரியராயிற்று. 'நியூ டவுன்' என்பது புதுநகர் ஆயிற்று. அதற்கு எதிராகப் பழநகர் என்று வைத்திருந்தாலும் குற்றமில்லை. புதுமைக்கு எதிர் பழமைதானே? அவ்வாறு வையாமல் முதுநகர் என்றே வழங்குகின்றனர். மக்கள் வாழும் ஊர் உயிருள்ளது. அது மூத்தோரைப் போன்றது. பழம்பொருளைப் போல ஒதுக்கத்தக்கது அன்று என்னும் கருத்தை அப்பெயரில் நான் காண்கின்றேன். முதுமை, நகர் என்னும் இரண்டு சொற்கள் சேரும்போது 'மை' என்னும் ஈறு போய் முதுநகர் என்றாவதை இலக்கணப் பாடத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். முதுமையோடு ஊர் சேர்ந்தால் முதலெழுத்து நீண்டு மூதூர் ஆகும். இலங்கையில் திருகோணமலை மாவட்டத்தில் அப்பெயர் கொண்ட ஊர் ஒன்று இன்றும் உள்ளது. ஆங்கிலச் சொல் ஒன்றைத் தேடிப் புறப்பட்ட நாம், நம் இலக்கணத்தின் வாயிலில் வந்து நிற்கின்றோம்.

இத்தகைய இடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. கொரிய நாட்டு மாணவரும் இதே சொல்லில் தடுமாறுவர். அவர்தம் மொழியில் மனிதர் மூப்படைதலைக் குறிக்க ஒரு வினைச்சொல்லும், பொருள்கள் நைந்து பழையனவாதலைக் குறிக்க வேறொரு சொல்லும் உள்ளன. எழுத்தில் அவ்விரண்டிற்கும் ஓர் உயிரொலி மட்டுமே வேறுபாடு. நெடுங்காலம் ஆனதைக் குறிக்க மற்றொரு சொல் உண்டு. நம்மைப் போலவே அவர்களும் அண்ணனுக்குத் தனிப்பெயர் வைத்துள்ளனர். தம்பி அண்ணனை 'ஹியோங்' என்றும், தங்கை அண்ணனை 'ஒப்பா' என்றும் அழைப்பர். மூத்தவர் என்னும் குறிப்பு அம்முறைப்பெயருக்குள்ளேயே அடங்கியிருத்தலால், தனியே ஒரு பெயரடை அங்குத் தேவைப்படுவதில்லை. வயதைக் கணக்கிடும் முறையிலும் அவர்தம் பழைய வழக்கு வேறு. பிறந்த குழந்தைக்கு அன்றே ஒரு வயது என்பர். ஆண்டு பிறக்குந்தோறும் ஒரு வயது கூட்டுவர். 2023-ஆம் ஆண்டில்தான், அலுவல் முறைகளில் உலகப் பொதுக்கணக்கையே கொள்ளவேண்டும் என்று தென்கொரியச் சட்டம் வரையறுத்தது. 'ஹவ் ஓல்ட் ஆர் யூ' என்னும் எளிய வினாவிற்குக் கூட, கேட்பவர் நாட்டு வழக்கை அறிந்தே விடை கூறவேண்டியிருந்தது என்பது இதனால் விளங்கும். சொல்லுக்குச் சொல் வைத்து மனப்பாடம் செய்யும் மாணவர் கொரியாவிலும் இடறுவர், கடலூரிலும் இடறுவர்.

இங்கே சிலர் தடை எழுப்பக்கூடும். "ஆண்டுத் தேர்வுக்கு நூற்றுக்கணக்கான சொற்களைக் கற்கவேண்டும், ஒரு சொல்லுக்கு இவ்வளவு காலம் செலவிட இயலுமா?" என்பர். அவர் கூறுவதில் உண்மை இல்லாமல் இல்லை. எல்லாச் சொல்லையும் இவ்வாறு அகழ்ந்து பார்த்தல் இயலாது, தேவையும் இல்லை. அரிய சொல்லுக்கு ஒரு பொருள் தெரிந்தாலே போதும். ஆனால் அடிக்கடி வழங்கும் எளிய சொற்களே பல பொருள் உடையன. அவையே நம்மைப் பெரிதும் ஏமாற்றுகின்றன. அத்தகைய சொற்களை வாரத்திற்கு ஒன்றாகவேனும் ஆழ்ந்து கற்றால், ஓராண்டில் ஐம்பது சொற்கள் ஐயமின்றி நம்முடையவாகும். 'ஓல்ட்' என்பதைக் கற்றவன் 'எல்டர்' என்பதை எளிதில் கற்பான். 'அலும்னி' என்பதை மறவான். ஒரு வேரைப் பற்றினால் பல கிளைகள் கைக்கு எட்டும்.

"சொல்லின் பிறப்பை அறிவதால் பயன் என்ன? ஆங்கிலேயர் பேசும்போது வேர்ச்சொல்லையா நினைக்கின்றனர்?" என்று வேறு சிலர் கேட்பர். நல்ல கேள்வி. பிறப்பு, சொல்லை நினைவில் நிறுத்தும் துணை. வழக்கை ஆளும் சட்டம் அன்று. இதனை மறந்தால் வேறொரு பிழையில் வீழ்வோம். 'கிழவன்' என்னும் சொல்லைக் கருதுக. பழந்தமிழில் அது உரிமை உடையவனை, தலைவனைக் குறித்தது. கிழமை என்றால் உரிமை. இன்றோ அது முதியவரை மதிப்பின்றிச் சுட்டும் சொல்லாகிவிட்டது. "பழம்பொருளில்தான் கூறினேன்" என்று சொல்லி, மூத்தவர் ஒருவரைக் கிழவன் என்று அழைத்தால் யார் பொறுப்பர்? அவ்வாறே, பெயருக்குள் உறைந்துவிட்ட அடைமொழியும் பொருள் மாறாமல் இராது. ஆக்ஸ்போர்டில் உள்ள 'நியூ காலேஜ்' 1379-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் பெயர் புதிய கல்லூரியே. நமக்கு வடக்கே உள்ள புதுச்சேரியும் நேற்றுத் தோன்றிய ஊர் அன்று. தமிழிலும் முதுமைக்கும் பழமைக்கும் இடையே மதிற்சுவர் இல்லை. திருமுதுகுன்றத்திற்கே பழமலை என்னும் பெயரும் உண்டு. முதுமொழி என்றும் பழமொழி என்றும் ஒரே பொருளை இரு சொல்லாலும் குறிக்கின்றோம். ஆகவே பிறப்பை அறிதல் வேண்டும். ஆயினும் இறுதித் தீர்ப்பை வழக்கினிடமே விடுதல் வேண்டும்.

"தாய்மொழியை இடையே கொண்டுவராமல் ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்கவேண்டும்" என்பார் மூன்றாம் சாரார். ஆங்கிலத்தை மிகுதியாகக் கேட்கவும் படிக்கவும் வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் வீட்டிலும் தெருவிலும் தமிழையே கேட்டு வளரும் பிள்ளையின் உள்ளத்தில் தமிழ் இராதவாறு செய்தல் யாராலும் இயலாது. மறைத்து வைத்த தமிழ் அவனைப் பிழைக்கு இழுக்கும். வெளிப்படையாக ஒப்பிட்ட தமிழ் அவனுக்கு வழி காட்டும். கெடிலத்தின் தென்கரையில், திருப்பாதிரிப்புலியூரில், 1906-ஆம் ஆண்டில் பிறந்த புதுமைப்பித்தன், ஆங்கிலத்தின் வழியாக உலக நாட்டுச் சிறுகதைகள் பலவற்றைத் தமிழில் தந்தார். மஞ்சக்குப்பத்தில் 1934-ஆம் ஆண்டில் பிறந்த ஜெயகாந்தன், பள்ளிக் கல்வியை இளமையிலேயே விட்டும், மக்கள் நடுவே சொற்களைக் கற்றுப் பெரும் எழுத்தாளராய் உயர்ந்தார். இருவர் வாழ்வும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. சொல்லின் உயிர் வழக்கில் உள்ளது. வழக்கைக் கூர்ந்து நோக்குபவனுக்கே சொல் வசப்படும்.

இவற்றினும் முதன்மையான செய்தி ஒன்று உண்டு. ஒரு மொழியைக் கற்கும்போது அதன் சொற்களோடு அதன் பார்வையும் நம்முள் புகுகின்றது. சட்டைக்கும் பாட்டிக்கும் ஒரே அடைமொழி தரும் மொழியைக் கற்கின்றோம் என்பதை நாம் உணர்தல் நல்லது. ஆங்கிலேயரும் இக்குறையை அறியாதவர் அல்லர். முதியோரைச் சுட்டுமிடத்து 'ஓல்ட்' என்று நேரே கூறத் தயங்கி, 'ஓல்டர் பீப்பிள்', 'சீனியர் சிட்டிசன்' என்று வேறு சொற்களை நாடுகின்றனர். நாம் அதனை 'மூத்த குடிமக்கள்' என்று தமிழாக்கி வழங்குகின்றோம். மூப்பு என்னும் சொல் நம்மிடம் முன்னரே மதிப்போடு இருந்தமையால் அத்தமிழாக்கம் இயல்பாக அமைந்தது. தேவாலயச் சபைகளில் 'எல்டர்' என்பாரை 'மூப்பர்' என்று கூறுவதும் இத்தகையதே. நம் சொற்களில் பொதிந்த இம்மதிப்பு, அயல்மொழிச் சொல்லைக் கற்கும் விரைவில் நம் உள்ளத்தைவிட்டு நீங்கிவிடலாகாது. மொழிபெயர்ப்பில் நேரும் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். முதியோரைப் பழம்பொருளாகக் காணும் பழக்கம் வேரூன்றிவிட்டால் திருத்துதல் அரிது.

மாணவ மாணவியரே! புதிய ஆங்கிலச் சொல் ஒன்றைக் காணும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். இச்சொல் இத்தொடரில் என்ன பொருள் தருகின்றது? இஃது எங்கிருந்து வந்தது. இதன் உறவுச் சொற்கள் யாவை? இதனை யார், எங்கே, எவரை நோக்கி வழங்குகின்றனர்? மூன்றுக்கும் விடை கண்ட பின்னர், அதனைத் தமிழில் எவ்வாறு கூறுவோம் என்று நான்காவதாகக் கேளுங்கள். அப்போது ஒரு சொல்லை மட்டும் கற்றிருக்க மாட்டீர்கள். உங்கள் தாய்மொழியையும் மறுமுறை கற்றிருப்பீர்கள். உங்கள் நண்பன் பிழையாக ஒரு சொல்லைக் கூறினால் சிரிக்காதீர்கள். அவன் பிழைக்குப் பின்னே ஒரு காரணம் இருக்கும். அதனைக் கண்டறிந்தால் இருவரும் வளர்வீர்கள்.

அம்மாணவன் பின்னர் வகுப்பில் மீண்டும் கை உயர்த்தினான். ஆண்டு முடிவில் அவனிடம் 'மை ஓல்ட் டீச்சர்' என்னும் தொடரையே மறுமுறை கொடுத்தேன். அவன் சற்றே எண்ணிப் பார்த்து, "இதன் முன்னும் பின்னும் உள்ள தொடர்களைக் காட்டுங்கள், ஐயா, பார்த்த பின்பு சொல்கிறேன்" என்றான். நான் கற்பிக்க விரும்பிய பாடம் முழுவதும் அவ்விடையில் இருந்தது.